வைத்தியம் படிக்கும் பிள்ளையும் ஜமாஅத்தின் கடனும்

  

வல்ல நாயனைப் புகழ்ந்து, அவன் திருத்தூதர் மீது ஸலவாத்துச் சொல்லி, இவ்விதழில் ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்க நாடுகிறோம். இது நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியது. அதிலும் வைத்தியப் படிப்பைப் பற்றியது. அதற்கு வேண்டிய பணத்தைப் பற்றியது. பணத்தைப் பற்றிப் பயானில் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். திருமறையில் தொழுகையைப் பற்றிய பேச்சோடு ஸகாத்தைப் பற்றிய பேச்சும் எத்தனை இடங்களில் இணைந்தே வருகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

நோயின் அருமை சமவெளியில் இருப்பவர்களைவிட மலையில் இருக்கும் நமக்கு நன்றாகத் தெரியும். சாதாரணக் காய்ச்சலுக்கு ரிங்லெட் கிளினிக் போதும். கொஞ்சம் மிஞ்சினால் தானா ராத்தா ஆஸ்பத்திரி. அதற்கும் மிஞ்சினால் ஈப்போவுக்குத்தான் ஓட வேண்டும். பாதி ராத்திரியில், பனிமூட்டத்தில், வளைவுக்கு மேல் வளைவாக அந்த மலைச் சாலையில், நெஞ்சுவலிக்காரரைப் படுக்க வைத்துக்கொண்டு போயிருக்கிறவர்கள் நம்மில் பலர். நோயாளிக்காக வாயில் துஆ, தலைசுற்றலுக்காகக் கையில் பிளாஸ்டிக் பை. அந்தச் சமயத்தில், நம் பாஷை தெரிந்த டாக்டர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைக்காதவர் யார்?

1929-ல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு இந்த மலையில் தமிழ்ப் பேச்சு இருந்து வருகிறது. தேயிலை கிள்ளியவர்கள் ஒரு பக்கம். அவர்களுக்கு அரிசியும் துணியும் விற்ற நம் பாட்டனார்கள் மறுபக்கம். இன்று கொழுந்து கிள்ளுபவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நம் கடைத்தெருவிலிருந்தும் லயங்களிலிருந்தும் டாக்டராகப் போன பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்களில் சில மிஞ்சும். பிள்ளைகளிடம் அறிவில்லையா? இருக்கிறது. பின் என்ன குறை? அதைத்தான் சொல்ல வருகிறோம்.

இறைவன் நோயை இறக்கினால் அதற்கு மருந்தையும் இறக்கியே இருக்கிறான் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. மருந்து இருந்தால் அதைத் தேடிக் கண்டறிபவர் வேண்டுமன்றோ? இதனால்தான் நம் இமாம்கள் வைத்தியக் கல்வியைப் பர்ளு கிபாயா என்றார்கள். ஊரில் சிலர் அதைக் கற்றால் எல்லோருடைய பொறுப்பும் நீங்கும். ஒருவருமே கற்காவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் கிரந்தத்தில் இதை வெகு காரமாகவே எழுதியிருக்கிறார்கள். தம் காலத்து ஊர்களில் வழக்குத் தீர்க்கும் சட்டக் கல்விக்குக் கூட்டம் கூட்டமாக ஓடுகிறார்கள், வைத்தியத்துக்கோ முஸ்லிம்களில் ஆளில்லை என்று அவர்கள் குறைபட்டார்கள். அந்தக் குறை சொல்லப்பட்டு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகிறது.

பர்ளு கிபாயா என்றால் யாரோ செய்வார்கள் என்று நாம் கையைக் கட்டிக்கொள்ளுகிறோம். பொருள் அதுவல்ல. மய்யித்தை அடக்குவதும் பர்ளு கிபாயாதான். கபன் துணிக்குப் பணமில்லை என்று ஒரு ஏழையின் ஜனாஸாவை எந்த ஜமாஅத்தாவது திண்ணையில் போட்டு வைத்ததுண்டா? துணி வாங்குகிறவர் ஒருவர், குழி வெட்டுகிறவர் ஒருவர், தூக்குகிறவர் நால்வர். அந்தி சாய்வதற்குள் காரியம் முடிகிறது. கமிட்டி கூடுவதில்லை, தீர்மானம் போடுவதில்லை. அதே பர்ளு கிபாயாவான வைத்தியக் கல்விக்கு மட்டும் நாம் மாதக் கணக்கில் யோசிக்கிறோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே உதவிச் சம்பளத்தில் படித்த பிள்ளை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கி.பி. 1058-ல் தூஸ் நகரத்தில் பிறந்தவர்கள். தகப்பனார் ஏழை, கம்பளி நூற்றுப் பிழைத்தவர் என்று சொல்லுவார்கள். மரணத் தறுவாயில் அவர் தம் இரு மக்களையும் கையிலிருந்த சொற்பப் பணத்தையும் ஒரு சூபி நண்பரிடம் ஒப்படைத்தார். பணம் தீரும்வரை நண்பர் படிக்க வைத்தார். தீர்ந்தவுடன், தானும் ஏழை என்பதால், ஒளிக்காமல் உண்மையைச் சொன்னார்: மதரஸா ஒன்றில் போய்ச் சேருங்கள், அங்கே மாணவருக்குச் சாப்பாடு கிடைக்கும் என்றார். அண்ணனும் தம்பியும் அப்படியே சேர்ந்தார்கள். வயிற்றுக்காகத்தான் படிப்பில் சேர்ந்தோம், ஆனால் அந்தப் படிப்பு எங்களை அல்லாஹ்வின் பக்கமே இழுத்துக்கொண்டு போய்விட்டது என்ற கருத்தில் பிற்காலத்தில் இமாமவர்கள் சொல்லியதாக வரலாறு கூறுகிறது. அந்தச் சாப்பாட்டுக்கு வக்பு செய்த தனவந்தர் யார் என்று நாம் அறியோம். இஹ்யாவின் ஒவ்வொரு பக்கத்திலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு.

வைத்தியக் கல்விக்கென்றே வக்பு செய்தவர்களும் உண்டு. தமாஸ்கஸ் நகரின் தலைமை வைத்தியராக விளங்கிய அத்தக்வார் என்பவர் 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் சொந்த வீட்டையே வைத்தியப் பள்ளியாக வக்பு செய்தார். ஆசிரியரின் சம்பளத்துக்கும் மாணவர்களின் செலவுக்கும் வருமானம் வரும் சொத்துக்களையும் எழுதி வைத்தார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-ல் கட்டிய பெரிய ஆஸ்பத்திரிக்கு, இரத்த ஓட்டத்தைப் பற்றி முதன்முதல் சரியாக எழுதியவரில் ஒருவரான இப்னு நபீஸ் தம் வீட்டையும் புத்தகசாலையையும் எழுதிக் கொடுத்தார். கலாவூனோ ராஜா. இந்த இருவரும் சம்பாதித்து வாழ்ந்த டாக்டர்கள். தாம் படித்த கடனைத் தமக்குப் பின் வரும் மாணவரிடத்தில் தீர்த்தார்கள்.

வெகு தூரம் போக வேண்டாம். சிங்கப்பூரில் ஒரு வைத்தியப் பள்ளி வேண்டும் என்று 1904-ல் தான் ஜியாக் கிம் என்ற சீன வணிகர் தலைமையில் மக்கள் மனுக் கொடுத்தார்கள். பணம் எங்கே என்ற கேள்வி எழுந்ததும் 87,077 வெள்ளி திரட்டிக் காட்டினார்கள். அதில் 12,000 வெள்ளி அவர் கொடுத்தது. 1905-ல் 23 மாணவர்களோடு பள்ளி திறந்தாகிவிட்டது. மலாயாவின் டாக்டர்கள் இரண்டு தலைமுறையாக அங்கேதான் உருவானார்கள். கடைக்காரர்கள் கூடிச் செய்த காரியம் அது, சகோதரர்களே! நாமும் கடைக்காரர்கள்தாம்.

இனி இன்றைய நிலவரத்துக்கு வருவோம். பெற்றோரில் பலர் “டாக்டர் படிப்பா? லட்சக் கணக்கில் ஆகுமே!” என்று ஆரம்பத்திலேயே பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறார்கள். இது பாதி உண்மை. தனியார் கல்லூரியில் லட்சக் கணக்கில்தான் ஆகும். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. மாணவர் கட்டுவது அதில் ஒரு சிறு பங்கு. ஆகவே முதல் உபகாரச் சம்பளம் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் இடமேயாகும். அதற்கு வழி எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன். எஸ்.பி.எம். பரீட்சையில் 10 ஏ பெற்றவர்களுக்கு இன பேதமின்றி மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று 2024-ல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்ததை நாம் மறந்துவிடக் கூடாது. இதெல்லாம் ஐந்தாம் படிவத்து முடிவு வந்தபின் யோசிக்கும் சங்கதி அல்ல. மூன்றாம் படிவத்திலேயே விஞ்ஞானப் பாடங்களின் பக்கம் பிள்ளையைத் திருப்பியிருக்க வேண்டும்.

அடுத்தது பொதுச் சேவைத் துறையாகிய ஜே.பி.ஏ. அது கடனாகக் கொடுத்து, படித்து முடித்தவர் அரசாங்க வேலையில் குறித்த காலம் உழைத்தால் கடனைத் தள்ளிவிடும் முறையையும் வைத்திருக்கிறது. பிறகு 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட பி.டி.பி.டி.என். கடன். இதில் வட்டி உண்டே என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்பு இருந்த முறை மாறி, 2008 முதல் ஒரு சதவீத உஜ்ரா, அதாவது சேவைக் கூலி என்ற ஷரீஅத் முறை வந்திருக்கிறது. ஆனால் தனியார் வைத்தியக் கல்லூரியின் முழுக் கட்டணத்தையும் அந்தக் கடன் தாங்காது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். மாரா உதவி பூமிபுத்ராக்களுக்கென்று ஏற்பட்டது. நம் பிள்ளைகளில் பலர் அந்தக் கணக்கில் வருவதில்லை. அதைச் சொல்லி ஆண்டு முழுவதும் வருந்திக்கொண்டிருப்பதால் ஒரு பாரமாவது பூர்த்தியாகுமா? இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்கு 1984-ல் ஏற்பட்ட எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் இருக்கிறது. அதே அமைப்பு நடத்தும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் கெடாவில் வைத்தியம் கற்பிக்கிறது.

ஸகாத்தைப் பற்றியும் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். சம்பாதிக்கச் சக்தியிருந்தும், மார்க்கக் கல்வியில் முழு நேரமும் ஈடுபட்டதால் சம்பாதிக்க முடியாதவருக்கு ஸகாத்துக் கொடுக்கலாம் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் காலத்து அறிஞரான யூசுபுல் கர்ழாவி அவர்கள் சமுதாயத்துக்குப் பிரயோஜனமான கல்வி எதுவாயினும் இதில் அடங்கும் என்று விளக்கினார்கள். மலேசியாவில் ஸகாத்து மன்றங்கள் மாணவர்களுக்கு உதவி வருவதும் இந்த அடிப்படையில்தான். பகாங்கில் மாநில இஸ்லாமிய மன்றத்திடம் மனுச் செய்ய வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஸகாத்தை வசூலிக்கும் அதிகாரமும் வக்பின் பொறுப்பும் அந்த மன்றத்துக்கே உரியவை. நம் சங்கம் தன்னிச்சையாக ஸகாத்துப் பெட்டி வைப்பது சட்டத்துக்கு ஒவ்வாது. நாம் திரட்டக் கூடியது ஸதகா. ஸதகாவில் ஒரு வசதியும் இருக்கிறது. அதை மாற்று மதத்து அயலாரின் பிள்ளைக்கும் கொடுக்கலாம். தோட்டத்து மாரியம்மன் கோயில் பக்கத்து லயத்துப் பிள்ளை டாக்டரானால், அவர் தொட்டுப் பார்க்கும் நாடி நம்முடையதாகவும் இருக்கும்.

இத்தனை வழி இருந்தும் ஏன் இடறுகிறோம்? காலம் தாழ்த்துவதால். இந்த ஒன்றைத்தான் இன்று உங்கள் மனத்தில் பதிக்க விரும்புகிறோம். இதற்குத் தாயகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி நல்ல பாடம்.

தமிழ்நாட்டில் நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வைத்தியக் கல்லூரியில் நுழைவது அரிதாகிப் போயிற்று. 2020-ல் அவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுக்கும் சட்டம் வந்தது. அந்த நவம்பரில் கலந்தாய்வு நடந்தது. கூலிக்காரர்களின் மக்களுக்கு, ஆடு மேய்க்கிறவர்களின் மக்களுக்கு இடம் கிடைத்தது, ஊரே மகிழ்ந்தது. ஆனால் சிலருக்குக் கிடைத்தது தனியார் கல்லூரியில். அங்கே கட்ட வேண்டிய தொகையைக் கேட்டதும், கைக்கு வந்த இடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினவர்கள் உண்டு. சில நாட்களில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, அந்தப் பிள்ளைகளின் கட்டணத்தைச் சுழல் நிதி வைத்து அரசாங்கமே கட்டும் என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு, அதன்பின் பல ஏழைப் பிள்ளைகள் அதனால் படிக்கிறார்கள். ஆனால் முந்தின நாட்களில் கண்ணீரோடு கையெழுத்துப் போட்டு இடத்தை விட்டவர்களுக்கு? பணம் வந்தது, அவர்களுக்கு வேண்டிய வேளையில் வரவில்லை.

அரசாங்கத்தைக் குறை சொல்லுவது சுலபம். நம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் இம்மலையில் ரொட்டி சானாய் போடுகிற ஒரு சகோதரரின் மகளுக்குத் தனியார் வைத்தியக் கல்லூரி ஒன்றில் பாதிக் கட்டணச் சலுகையோடு இடம் வந்தது. முன்பணம் கட்ட இரண்டு வாரம் தவணை. அந்தத் தகப்பனார் நம் சங்கத்துக்கு வந்தார். நாம் என்ன செய்தோம்? கமிட்டியில் ஆள் சேரவில்லை என்று முதல் வாரம் போயிற்று. இரண்டாம் வாரம் கூடினோம். காசோலையை மீலாது விழாவில், யாங் பெர்ஹோர்மாட் ஒருவர் கையால், மேடையில் வைத்துக் கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்ல, நாமும் தலையாட்டினோம். விழா ஐந்து வாரம் கழித்து. தவணை முடிந்து இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அந்தப் பெண் வேறொரு பட்டப் படிப்பில் சேர்ந்தாள். விழாவுக்கு மட்டும் மறக்காமல் வந்து, மேடையில் வாங்கிய காசோலையை மறுநாள் காலை நம் செயலாளரின் கடையில் கொண்டுவந்து வைத்தாள். “அடுத்த பிள்ளைக்கு வெச்சிக்குங்க, மாமா. ஆனா அவங்களுக்கு நாள் பார்த்துக் குடுங்க” என்று மட்டும் சொன்னாள். மேடைக்குக் கட்டிய மாலைக்கும் பந்தலுக்கும் ஆன செலவை நாம் இங்கே எழுதக் கூச்சப்படுகிறோம்.

தர்மத்தை மறைவாகக் கொடுப்பதைத் திருமறை புகழ்ந்து பேசுகிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுப்பவர் அர்ஷின் நிழலில் இருப்பார் என்ற கருத்துள்ள ஹதீதும் நாம் அறிந்ததே. 18 வயதுப் பெண்ணை மேடையேற்றி, இவள் ஏழை என்று ஊருக்கு ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிவிட்டுக் கொடுப்பது எந்தக் கை கொடுப்பது?

ஆகவே சங்கத்தில் இவ்வாறு தீர்மானித்திருக்கிறோம். வைத்தியமும் மற்ற உயர் கல்வியும் படிக்கச் செல்லும் பிள்ளைகளுக்கென்று தனிக் கணக்கு ஒன்று வைக்கப்படும். அது ரமலானிலேயே நிரம்பியிருக்க வேண்டும். இடம் வந்தபின் உண்டியலைத் தூக்கும் வழக்கம் இனி இல்லை. கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்துப் பலனைத் தர்மம் செய்யுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். அந்த ஒழுங்கையே நாமும் பின்பற்றி, அடித் தொகையில் கை வைக்காமல் சுழல விடுவோம். கடிதம் வந்த மூன்று நாளைக்குள் இருவர் கையெழுத்தில் பணம் போய்ச் சேரும். படம் எடுப்பதில்லை. பெயர் இதழில் வராது.

பெரும்பாலும் இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை என்பதும் அனுபவத்தில் கண்டது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளை திணறுவது கட்டணத்தில் அல்ல. பி.டி.பி.டி.என். கடனின் முதல் தவணை கைக்கு வருமுன் விடுதிக்குக் கட்ட வேண்டும். மடிக்கணினி, ஸ்டெதாஸ்கோப், வெள்ளை அங்கி, புத்தகம், பஸ் செலவு எல்லாம் அந்த ஒரு மாதத்தில் வந்து நிற்கும். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு முன்பணமாக 1,500 வெள்ளி வரை அந்த நிறுவனமே கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு மனுச் செய்யத் தெரியாமல் விட்டவர்கள் எத்தனை பேர்! அந்தக் கடனுக்கு எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு அவசியம் என்பது கூடக் கடைசி நேரத்தில்தான் பலருக்குத் தெரிகிறது. பாரம் பூர்த்தி செய்யத் தெரிந்த வாலிபர் ஒருவர் வாரத்தில் ஒரு மணி நேரம் பள்ளிவாசலில் உட்கார்ந்தால், அதுவும் ஸதகாவே.

கடன் வாங்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கடன் என்பது அமானத்து. கடனோடு இறந்தவரின் ஜனாஸாத் தொழுகைக்கு முன் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தீர்ப்பவர் உண்டா என்று விசாரித்தார்கள். அரசாங்கக் கடன்தானே என்று அலட்சியம் வேண்டாம். நீங்கள் திருப்பிக் கட்டுவது அடுத்த பிள்ளைக்குப் போகும் பணம். தனியார் கல்லூரிக்கு வீட்டை அடகு வைக்குமுன் நன்றாக யோசியுங்கள். அந்தக் கல்லூரி மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பாருங்கள். 2016 டிசம்பர் முதல் புதிய டாக்டர்கள் ஒப்பந்தத்தில்தான் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலை 26-ந் தேதி அவர்கள் நாடெங்கும் வேலையை நிறுத்தி வெளியே வந்ததை நீங்கள் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். டாக்டர் என்றால் உடனே பணம் கொட்டும் என்ற கணக்கில் கடன் வாங்குகிறவர் ஏமாறுவார். இடம் கிடைக்காவிட்டால் தாதியர் படிப்பும் மருந்தாளர் படிப்பும் நோயாளியின் பக்கத்தில் நிற்கும் படிப்புகள்தாம். டாக்டராக முடியாத பிள்ளையை உறவினர் முன் குறைத்துப் பேசும் பெற்றோர் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளட்டும்.

மூன்றாம், நான்காம், ஐந்தாம் படிவத்தில் பிள்ளைகள் உள்ளவர்கள் வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வராந்தாவில் சங்கத்தாரைச் சந்திக்கலாம். பிள்ளையையும் கூட அழைத்து வாருங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டு. கடைசிப் பரீட்சை மதிப்பெண், தாய் தகப்பனாரின் அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல் போதும். சம்பளச் சீட்டு இல்லாத கடைக்காரர்களுக்கு என்ன எழுத வேண்டும் என்பதை அங்கேயே சொல்லித் தருவோம்.